அமராவதியின் மூன்று சீசாக்கள்

அமராவதி வல்லத்திராக்கோட்டைக்கு வாழ வந்த அன்று, அவளை மாட்டுவண்டியிலிருந்து இறக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைப் பார்த்து ஊர் சிரிக்கவில்லை, வாயைப் பிளந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த வருஷம் அது. யுத்த காலத்துப் பஞ்சம் இன்னும் முழுதாக ஊரைவிட்டுப் போயிருக்கவில்லை. கழுத்தெலும்பு துருத்தாத பெண்ணே தெருவில் இல்லாத காலத்தில், பதினாறு வயதில் உருண்டு திரண்டு ஒருத்தி வந்து இறங்கினால், அது பிறந்த வீட்டுக் குதிர் நிறைந்திருப்பதற்கு அடையாளம். பெண் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். மாமியார் சின்னப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அமராவதி அவளுடைய சொந்த அண்ணன் நாகராசுவின் மகள்தான். மகன் ரத்தினவேலுக்கு முறைப்பெண் இருக்கும்போது வேறு இடத்தில் பெண் பார்ப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. நாகராசுவுக்குப் பெண் எடுத்ததும் அப்படித்தான், அவர் அப்பனுக்கு எடுத்ததும் அப்படித்தான்.

சின்னப்பிள்ளை அப்போதே கைம்பெண். கடைசி மகள் அழகிக்கு மூன்று வயது. புதுப்பெண் மணையில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் குழந்தை போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. அந்த மடியில் இடமும் தாராளமாக இருந்தது. பிறகு அது இறங்கவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும். வயலோடும் மாட்டோடும் மல்லுக்கு நின்ற சின்னப்பிள்ளைக்குப் பிள்ளையைக் கவனிக்க ஏது நேரம்? குளிப்பாட்டியது, தலைவாரியது, காய்ச்சலில் கிடந்தபோது தூக்கிச் சுமந்தது எல்லாம் அமராவதிதான். பெற்றவளை ஆத்தா என்று கூப்பிட்ட அழகி, வளர்த்தவளைச் சின்னாத்தா என்று கூப்பிட்டாள். அண்ணன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவது முறைகெட்ட கூப்பாடு என்று சொந்தக்காரிகள் கேலி செய்தார்கள். மதினி என்று சொல் என்று மிரட்டிப் பார்த்தார்கள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. தாவணி போட்ட பிறகும் சின்னாத்தாதான்.

அமராவதிக்கும் அந்தக் கூப்பாடு தேவையாயிருந்தது. அவளுக்கென்று ஒன்று தங்கவில்லை. முதல் பிள்ளை செத்தே பிறந்தது. அடுத்தது ஒரு பொழுது இருந்துவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறமும் அப்படியே. இதில் கொடுமை என்னவென்றால் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிய பிள்ளை. பிரசவம் பார்க்கும் ராக்காயி, தன் கையில் இத்தனை கனமாய் எதுவும் விழுந்ததில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கொழுகொழுவென்று மூன்று மாதப் பிள்ளைபோல இருந்தது ஏன் செத்தது? கண்ணுபட்டுத்தான் என்று ஊர் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைகளை ஆசையாய்ப் பார்க்கக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எந்தக் கண் பட்டதோ!

வருஷம் ஏற ஏறச் சின்னப்பிள்ளையின் வாயில் தேன் வற்றிப்போனது. எங்க அண்ணன் மகளாப் போயிட்டா, இல்லாட்டி எப்பவோ இன்னொருத்தியக் கட்டி வச்சிருப்பேன் என்று கிணற்றடியில் நின்று நாலு பேர் காதில் விழச் சொல்வாள். இரண்டாம் தாரம் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்தச் சட்டம் வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் ஏறியதாகத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவிலேயே இரண்டு பெண்டாட்டிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் மகள் என்ற அந்த ஒற்றைக் கயிற்றில்தான் அமராவதியின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்போது அறுமோ என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

இப்படியிருக்க, அறுபத்து நாலில் மதராசிலிருந்து ஒரு டாக்டர் கூட்டம் ஊருக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆண்களைக் கூட்டி டாக்டர் விளக்கினார். சர்க்கரை வியாதி என்று ஒன்று இருக்கிறது. பட்டணத்தில் உடம்பு பெருத்தவர்களுக்கு அதிகம் வருகிறது. அது சாப்பாட்டால் வருகிறதா, குடும்ப ரத்தத்தில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்து, ஒரே பானைச் சோற்றைத் தின்னும் குடும்பங்கள் வேண்டும். விடிந்ததும் போகிற முதல் மூத்திரத்தை ஒவ்வொருவரும் ஒரு சீசாவில் பிடித்துக் கொடுத்தால் போதும். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது. ரத்தினவேல் மட்டும் பெரிய மனிதத் தோரணையில் எழுந்து, தன் வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

டாக்டர் கூட்டத்தில் வேலை பார்த்த, ஆவூர்ப் பக்கத்துக்காரரான கம்பவுண்டர் சந்தனராஜ் அன்று சாயங்காலமே பெயர் ஒட்டிய சீசாக்களைக் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குள் பிரளயம் வந்தது. அந்நிய ஆம்பிளை கையில் கொடுப்பதற்கு இதுதானா கிடைத்தது என்று சின்னப்பிள்ளை மகனை வறுத்தெடுத்தாள். ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். சீசாவைக் கையால் தொடமாட்டேன் என்பதில் மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. அவளும் அழகியும் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் பிடித்துக் கொல்லையில் மாட்டுக் கொட்டகை ஓரமாக வைத்துவிடவேண்டியது, அமராவதி அதைச் சீசாவில் ஊற்றி வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியது. அந்த வீட்டில் எச்சில் வேலையெல்லாம் எப்போதும் மருமகளுக்குத்தான் வரும். இதுவும் வந்தது.

மறுநாள் விடிந்ததும் மாமியாரும் நாத்தனாரும் சொன்னபடி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அமராவதி தன் சீசாவை முடித்துக்கொண்டு திரும்பினால், கட்டவிழ்ந்த கன்றுக்குட்டி துள்ளிக்கொண்டு வந்து இரண்டு கொட்டாங்கச்சியையும் உதைத்துத் தள்ளிவிட்டது. வாசலில் சந்தனராஜ் சைக்கிள் மணியை அடிக்கிறார். இன்னொரு தரம் போய்விட்டு வாருங்கள் என்று மாமியாரிடம் எந்த வாயால் கேட்பது? அமராவதிக்கு அந்த விஷயத்தில் ஒருநாளும் குறைவில்லை. குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பவள், அடிக்கடி கொல்லைக்கு நடப்பவள். ஒரே வீட்டுச் சோறு, ஒரே கிணற்றுத் தண்ணீர், இதில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். மற்ற இரண்டு சீசாவையும் அவளே நிரப்பினாள். கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து. அதில் ரத்தினவேலுடையதை விட்டுக் கொதிக்கவைத்தார்கள், நீலம் நீலமாகவே இருந்தது. பெண்களுடைய மூன்றையும் கொதிக்கவைத்தார்கள். மூன்றும் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றன. மூன்றும் இம்மி பிசகாமல் ஒரே நிறமாக இருக்கிறதே என்று சந்தனராஜ் இழுத்தார். டாக்டருக்கோ புதையல் கிடைத்த சந்தோஷம். தாய், மகள், மருமகள். மருமகள் அசலாக இருந்திருந்தால் அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார். தாயின் அண்ணன் மகள் என்றதும் எல்லாம் பொருந்திவிட்டது. இந்தக் குடும்பத்தில் பெண்வழி ரத்தத்தில் வியாதி ஓடுகிறது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார். எத்தனை படித்து என்ன, ஒரு கன்றுக்குட்டியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

டாக்டரே வீட்டுக்கு வந்து பக்குவமாகத்தான் சொன்னார். அரிசியைக் குறைக்கவேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது, சும்மா விட்டால் கண்ணும் காலும் போகும். பிறகு அமராவதியைப் பார்த்து, பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்று கேட்டார். ரத்தினவேல்தான் பதில் சொன்னான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கண்ணும் படலை, ஒண்ணும் படலைம்மா. பிள்ளை அவ்வளவு பெரிசா இருந்ததும் இதனாலதான், தங்காமப் போனதும் இதனாலதான். உங்க மேல தப்பு இல்லை. இது ரத்தத்தோட வந்தது."

அமராவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். செத்த பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாய் வந்து நின்றது. அத்தனை வருஷமாகத் தன் பாவம் என்று நினைத்து அழுதது, வெறும் சர்க்கரையா? அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சின்னப்பிள்ளை தரையில் நகர்ந்து வந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு ரத்தம்தானடி ஒன்னையும் இந்தப் பாடு படுத்திருக்கு. இது தெரியாம ஒன்னைய என்னென்ன பேச்செல்லாம் பேசிட்டேன்."

அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் மாமியார் அவள் கையைத் தொட்டது அன்றுதான். கன்றுக்குட்டி விஷயம் அமராவதியின் தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

கிளம்பும்போது, டாக்டரோடு வந்திருந்த சந்தனராஜ் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். இந்த வியாதிக்காரர்கள் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கும், பார்த்திருப்பீர்களே என்றார். மறுநாள் காலையில் அமராவதி கொல்லைக்குப் போய்ப் பார்த்தாள். மூன்று பெண்களுக்கும் அங்கே பழகிப்போன மூன்று மறைவிடங்கள் உண்டு. முருங்கை மரத்தடியில் அவளுடைய இடத்தில் எறும்பு சாரைசாரையாக ஊர்ந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் மாமியாரின் இடம் வெறும் மண். வேலியோரம் அழகியின் இடமும் வெறும் மண். குனிந்து குனிந்து பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வியாதி அவள் ஒருத்திக்குத்தான்.

உள்ளே போய்ச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் கிளம்பினாள். அடுப்படியில் சின்னப்பிள்ளை கேழ்வரகுக் கஞ்சியைத் தானே ஆற்றி, முதல் கும்பாவை அவளிடம் நீட்டினாள். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அப்புறம் நினைத்தாள். நல்ல நேரம் என்பது ஒரு பொல்லாத சாக்கு, அதற்கு முடிவே கிடையாது.

ஊர் வாய் அதுவரைக்கும் சும்மா இருக்குமா? அழகிக்கு அரிமளத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பேசிப் பரிசம் போட்டிருந்தார்கள். அமைதியான பையன். பரிசத்தன்று அழகி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து, சின்னாத்தாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், வெகுநேரம் எடுக்கவில்லை. செங்கல் நிறம் அரிமளம்வரை போய்ச் சேர்ந்தது. ரத்தத்தோட வருகிற சீக்கு, பிள்ளை தங்காத குடும்பம் என்று அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், மோர்கூடக் குடிக்கவில்லை, மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். பரிசப் புடவை திரும்பிப் போயிற்று. அழகி அழவில்லை. தன் ரத்தத்தில் இருப்பதற்கு யாரை நோவது என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு அமராவதி கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தபோது, புருஷனிடம் சொல்லியே தீருவது என்ற முடிவோடுதான் போனாள். ரத்தினவேல் வரப்பில் உட்கார்ந்து குடித்தான். தங்கையை நினைத்துப் பெருமூச்சு விட்டான். பிறகு அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

"இதுலயும் ஒரு நல்லது பாரு. ஆத்தா இப்பல்லாம் ரெண்டாங் கல்யாணப் பேச்சே எடுக்கிறதில்ல. அதுக்கும் இருக்குல்ல. ஒனக்கு மட்டும் இருந்திருந்தா இந்நேரம் என்னைய மணையில உக்கார வச்சிருக்கும்."

அமராவதி வந்த வழியே திரும்பி நடந்தாள். வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டதில் அழகிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த வருஷம் அழகியை அறந்தாங்கிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஆண்டியப்பன் என்று எண்ணெய்க் கடைக்காரர், முதல் தாரம் தவறிவிட்டது, இரண்டு பிள்ளைகள். வியாதியைச் சொல்லித்தான் பேசினார்கள். பிள்ளை பெற்றுத் தரவேண்டாம், இருக்கிறதைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னதாக ஊர் மெச்சியது. இருபது வயதுப் பெண்ணிடம் இப்படிச் சொல்வதற்குப் பெயர் பெருந்தன்மையா என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பந்தியில் அழகி பாயசத்தை ஒதுக்கினாள், சோற்றையும் ஒரு பிடிக்கு மேல் தொடவில்லை. டாக்டர் சொன்னதை வேதமாகப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே ஈர்க்குச்சியாகியிருந்தாள். வியாதிக்காரி அமராவதியோ கவலையில் பானையைத் துழாவித் துழாவித் தின்றாள். அவளைக் கேட்பார் இல்லை.

அறுபத்தாறில் டாக்டர் கூட்டம் திரும்பி வந்தது. அந்தக் குடும்பத்தை அவர் மறக்கவில்லை. அழகியையும் அழைத்துவரச் சொல்லியிருந்ததால் ரத்தினவேல் அறந்தாங்கிக்கு பஸ் ஏறிப் போய்க் கூட்டிவந்தான். இந்தத் தடவை சூசைமேரி என்று ஒரு நர்ஸம்மா இருந்தாள். கொல்லைவரை கூடவே வந்து நின்று வாங்கிக்கொண்டாள், கையில் ஊசி குத்தி ரத்தமும் எடுத்தாள். கொட்டாங்கச்சிக்கு வேலையில்லாமல் போயிற்று. கன்றுக்குட்டியும் அதற்குள் மாடாகியிருந்தது.

மாமியாருடையது நீலம். அழகியுடையது நீலம். அமராவதியுடையது பழைய செங்கல்.

இப்போதாவது டாக்டர் நின்று யோசிப்பார் என்று அமராவதி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகவும் இருந்தது, அவரே கண்டுபிடித்துவிட்டால் நிம்மதி என்றும் இருந்தது. அவர் சிரித்த முகத்தோடு வந்தார். ரத்தம் பாதி, சாப்பாடு பாதி, வாயைக் கட்டினால் ரத்தத்தையும் ஜெயிக்கலாம் என்பதற்கு இந்த வீடே சாட்சி என்றார். அழகியை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அமராவதியைக் கடிந்துகொண்டார். சொன்னபடி கேட்டவர்கள் தேறிவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் கேட்கவில்லை என்றார். போன தடவை ரத்தம், இந்தத் தடவை சாப்பாடு. இரண்டு தத்துவத்துக்கும் கன்றுக்குட்டியின் கால்தான் ஆதாரம் என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தலையைக் குனிந்து வசவை வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு அழகி கொல்லையில் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தேறிய சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. அமராவதி பக்கத்தில் போய் நின்றதும் மெதுவாகப் பேசினாள்.

"மாசி மாசம் எனக்கு நாள் தள்ளிப்போச்சு, சின்னாத்தா. ஒங்க பிள்ளைக மாதிரி செத்துப் பொறக்குமேன்னு பயந்து மருந்து வாங்கித் தின்னு கலைச்சிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அமராவதி துவைகல்லைப் பிடித்துக்கொண்டாள். தான் பெற்றவை செத்தபோதுகூட நெஞ்சு அப்படிக் கிழிந்ததில்லை.

"அப்ப எனக்குச் சர்க்கரை இருந்துச்சுல்ல, கலைச்சது சரிதான்னு மனசத் தேத்திக்கிறேன்" என்றாள் அழகி. "இனிமேலும் வேணாம் சின்னாத்தா. திரும்ப வராதுன்னு என்ன நிச்சயம்? இன்னொண்ணு தங்குனாலும் இப்படித்தான் செய்வேன்."

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அமராவதிக்கு அது நன்றாகத் தெரியும். சின்னாத்தா என்ற பேரும், புருஷன் வீடும், மாமியார் கையால் வாங்கும் கஞ்சியும் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பிறக்கவேண்டிய பிள்ளை பிறக்காது. தன் பிள்ளைகள் போனதற்கு அவள் பொறுப்பில்லை. மாசியில் போனதற்கும், இனிப் போகப்போவதற்கும் அவள்தான் பொறுப்பு.

எதிரே தரையில் உட்கார்ந்தாள். கொட்டாங்கச்சி, கன்றுக்குட்டி, முருங்கையடி எறும்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஏன் சொல்லாமல் இருந்தாள் என்பதையும் சொன்னாள். "ஒனக்கு என்னைக்குமே இருந்ததில்லடி" என்று முடித்தாள்.

அழகியின் பார்வை வேலியோரத்து மண்ணுக்குப் போயிற்று. அரிமளத்துப் பையனை நினைத்தாளோ, மாசி மாசத்தை நினைத்தாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். பிறகு கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதீங்க. ஒங்க வாழ்க்கையாவது இருந்துட்டுப் போகட்டும்."

திட்டியிருந்தால் அமராவதி தாங்கியிருப்பாள். தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட நல்லது என்று இருந்திருக்கும். அழகி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். பஸ் நிற்கும் இடம்வரை எல்லாரும் போனார்கள். ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டாள், அண்ணனிடம் சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் ஒரு கால் வைத்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வாரேன், மதினி."

அடுத்த வருஷம் அறந்தாங்கியில் அழகிக்கு ஆண் பிள்ளை பிறந்தது, அளவான பிள்ளை, தங்கியது. காதுகுத்துக்கு மாமன் மடியில் உட்காரவைக்க ரத்தினவேலையும், அவன் பக்கத்தில் உட்கார அமராவதியையும் முறைப்படி அழைத்திருந்தார்கள். அமராவதிக்கு அதற்குள் பார்வை மங்க ஆரம்பித்திருந்தது. பிள்ளையின் முகத்தை அவள் தடவித்தான் பார்த்தாள். மதினிக்கு எலை போடுங்க, மதினிக்குப் பாயசம் வைக்காதீங்க என்று அழகி பந்தி நெடுகக் குறைவில்லாமல் உபசரித்தாள். அதைக் கேட்ட சொந்தக்காரிகளுக்குப் பரம திருப்தி. சின்ன வயசில் எத்தனை சொல்லியும் கேட்காதவள், ஒருவழியாக முறை கற்றுக்கொண்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.